கை பட்டதா, வாக்கு நின்றதா?

என்னிடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா நிலப் பட்டா ஒன்று இருக்கிறது. 1870களில் கொடுத்தது. 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுத ஒரு குடியானவருக்கு 160 ஏக்கர். அடியில் ஜனாதிபதி கிராண்டின் பெயர். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். ஆனால் எழுதியது கிராண்ட் அல்ல. பட்டாக்களில் ஜனாதிபதிக்குப் பதில் செயலாளரே ஒப்பமிடலாம் என்று 1833லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் என் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாயிற்று.

எங்கள் கையெழுத்துச் சேகரிப்பு உலகில் விலை என்பது கை பட்டதற்குத்தான். 1885இல் பஃபலோ பில்லின் காட்சிக் குழுவோடு ஊர் ஊராகப் போன லக்கோட்டா தலைவர் சிட்டிங் புல்லுக்கு வாரம் 50 டாலர் சம்பளம். தன் படத்தையும் கையெழுத்தையும் விற்றுக்கொள்ளும் உரிமை தனி. அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இன்று ஏலத்தில் பல ஆயிரம் டாலர் போகிறது. அதில் ஒரு உறுதிமொழியும் கிடையாது, பெயர் மட்டும்தான். உறுதிமொழி இருந்த தாளில், அதாவது லக்கோட்டாக்களும் அடங்கிய சூ மக்களோடு அமெரிக்க அரசு 1868இல் செய்த லாரமி கோட்டை ஒப்பந்தத்தில், அவர் கடைசிவரை ஒப்பமிடவே இல்லை.

ஒப்பமிட்ட தலைவர்களின் பெயர்களைக் குமாஸ்தா எழுதினார். பக்கத்தில் பெருக்கல் குறி. தலைவர் பேனாவைத் தொட்டாலே சம்மதம் என்று கொள்வது அக்காலத்து வழக்கம். அரசுத் தரப்பிலோ தளபதி ஷெர்மனும் தளபதி டெர்ரியும் சொந்தக் கையால் ஒப்பமிட்டிருக்கிறார்கள். பிளாக் ஹில்ஸ் மலைகள் உள்ளிட்ட நிலம் சூ மக்களுக்கே. வயதுவந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்பமிடாமல் அதில் ஒரு துண்டும் கைமாறாது. இதுதான் வாக்கு. 1874இல் அங்கே தங்கம் கிடைத்தது. 1876இல் அதே டெர்ரி அதே மக்கள்மேல் படை நடத்தினார். 1877இல் பத்தில் ஒரு பங்கினரின் ஒப்பத்தை வைத்துக்கொண்டு நாடாளுமன்றம் மலையை எடுத்துக்கொண்டது.

ஆக, என் பட்டாவில் கை ஜனாதிபதியுடையது அல்ல, வாக்கு நின்றது. ஒப்பந்தத்தில் கை அசல், வாக்கு போயிற்று. இரண்டையும் கொடுத்தது ஒரே அரசாங்கம்.

பின் கையெழுத்தின் புனிதம் எங்கே இருக்கிறது? பரதன் சிம்மாசனத்தில் வைத்த பாதுகை ராமன் கால் பட்டது என்பதால் மட்டுமா பெரிதாயிற்று? பதினான்கு வருடம் அதற்குக் கட்டுப்பட்டு ஒருவன் நந்திகிராமத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் மறுநாளே முடி சூட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் மரக்கட்டை. கையெழுத்தும் அப்படித்தான். போட்டவர் ஒரு கணத்தில் போட்டுவிட்டுப் போகிறார். அதற்கு உயிர் கொடுக்கிறவர்கள் பின்னால் வருகிறவர்கள். டெர்ரியின் பேனா பட்ட மை அசல்தான் என்று எந்த நிபுணரும் சான்று தரலாம். வாக்குக்கு அந்தச் சான்று உதவாது.

1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளாக் ஹில்ஸுக்கு இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். சூ மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. அவர்கள் கேட்பது மலையை. பெருக்கல் குறி போட்ட தாத்தாக்களின் வாக்கைப் பேரப்பிள்ளைகள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் போட்ட அந்தக் குறியைத்தான் நான் பார்த்ததிலேயே முழுமையான கையெழுத்து என்பேன்.