தராசும் பவளமும்



சூரத்துர் ரஹ்மானில் அல்லாஹுதஆலா தராசையும் நினைவூட்டுகிறான். கடலின் முத்தையும் பவளத்தையும் நினைவூட்டுகிறான். வியாபாரிகளாகிய நாம் இரண்டையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

கீழக்கரைக் கடலோரம் நம்மில் சிலருக்குச் சொந்த ஊர். அங்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பார்கள் உண்டு. பவளம் வெறும் கல்லல்ல, ஜீவன். தன்னுள் வாழும் நுண்ணிய பாசி தரும் ஆகாரத்தில் பிழைக்கிறது. கடல் அளவுமீறிச் சூடேறினால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் மௌத்தாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கே பவளம் வெளுத்தது. பார் அழிந்தால் மீனுக்கு வீடில்லை, கரைக்கு அரணில்லை, வலைக்காரருக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் ரிஸ்க் சுருங்கும்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்ந்த கரியமில வாயுவினால். அதில் என் கடை விளக்கும் லாரியும் சேர்த்தி. லாபம் நம் பேரேட்டில். நஷ்டம் அந்த ஏழையின் பேரேட்டில்! எடை குறைத்துக் கொடுப்பது மட்டுந்தானா மோசடி?

வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. இன்றிரவு கடை அடைக்கும்போது வேண்டாத விளக்கை அணைப்போம். ஊருக்குச் சதக்கா அனுப்பும்போது அந்த வலைக்காரரையும் நினைப்போம். நாளை மறுமையில் நம் ஏடும் விரிக்கப்படும். வல்ல நாயன் நம்மைச் சரியாக நிறுப்பவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.