பொன்னாடை யாருக்கு?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சௌகரியம். சிறப்பு விருந்தினரைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அதிகாரியோ பேராசிரியரோ யாராவது அருவியில் குளிக்க வந்திருப்பார். 'அரை மணி நேரம் போதும் சார், பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை' என்று அழைத்து வந்துவிடலாம். தலைப்பு, 'உலக அரங்கில் இந்தியா'. பொன்னாடை, நினைவுப் பரிசு, தேசிய கீதம். முடிந்தது.

தப்பு என்று சொல்லவில்லை. படித்தவர் பேசட்டும். ஆனால், உலகத்தைப் பற்றிப் பேசும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கடையநல்லூர். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவர்கள். 1941-லேயே அங்கே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' ஆரம்பித்துவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. மூன்றரை வருஷம் பசியும் பயமும். போர் முடிந்த மறு வருஷமே, 1946-ல், உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் என்பது நமக்குப் பாடப்புத்தகத்தில் ஐந்து மார்க் கேள்வி. இந்தத் தெருக்களில் அது பாட்டி சொன்ன கதை.

அப்புறம் வளைகுடா. 1990 ஆகஸ்ட் 2-ல் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டானின் அம்மான் நகரத்துக்குப் போய், அங்கிருந்து விமானம் பிடித்தார்கள். 2022-ல் உக்ரைனில் போர் மூண்டபோது திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் நிறையப் பேர்.

இவர்களில் எத்தனை பேரை நாம் மேடையில் ஏற்றியிருக்கிறோம்?

'ஏற்றுகிறோமே! வெளிநாட்டில் சம்பாதித்து, பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்தவரைக் கூப்பிட்டோமே' என்பீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் அதற்குக் கணக்கு என்று பெயர் இல்லை. மோசடி என்று பெயர். ஜெயித்து வந்தவரை மட்டும் பேச வைத்தால், பிள்ளைகளிடம் நாம் காட்டுவது அப்படிப்பட்ட கணக்கைத்தான்.

வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவர் இருப்பார். ஏஜென்டிடம் பணம் கட்டியவர், போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர், எழுத்தில் ஒரு வேலை, நேரில் வேறு வேலை என்று ஏமாந்தவர். அவரைக் கூப்பிட்டால், 'நமக்கு என்ன தெரியும்ணே, பெரிய ஆளுகளைக் கூப்பிடுங்க' என்று நழுவுவார். தோற்றவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவரை நம்ப வைத்தது யார்? நாம்தான். நாளைக்கு விமானம் ஏறப்போகிற பையனுக்கு ஐ.நா. சபையின் அமைப்பைவிட முதலில் தெரிய வேண்டியது, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பதுதானே?

சரி, அனுபவப்பட்டவர் சொல்வதெல்லாம் உண்மை ஆகிவிடுமா? ஆகாது. ஜன்னலில் நின்றவருக்கு அந்தத் தெரு தெரியும். ஊர் முழுக்கத் தெரியாது. குவைத்தில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவரிடம், ஈரானோடு எட்டு வருஷம் சண்டை போட்ட கடனும் எண்ணெய் விலையும் சதாமை எப்படி விரட்டின என்று கேட்க முடியாது. அதற்குப் படித்தவர் வேண்டும். ஒருவரிடம் வரைபடம் இருக்கிறது, இன்னொருவர் காலில் வெடிப்பு இருக்கிறது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இன்னொன்று. அவருடைய காயம் நமக்குக் காட்சிப்பொருள் இல்லை. முன்கூட்டியே கேளுங்கள். 'இதைச் சொல்ல வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். அழ வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

இதற்கு மேடைகூட வேண்டாம். ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வீட்டில் நடத்திய வட்டத்தொட்டியில் மேடை கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு அவர் குற்றாலத்துக்குக் குடிவந்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடி வந்ததும் அந்தப் பேச்சுக்காகத்தான். வட்டத்தில் உட்கார்ந்தால் யார் பெரியவர் என்ற கேள்வியே எழாது. யார் சொல்வது உண்மை என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

உங்கள் பள்ளிக்கூடத்திலோ, வாசகர் வட்டத்திலோ, குடியிருப்போர் சங்கத்திலோ அடுத்த விழாவுக்குப் பேச்சாளர் தேடுகிறீர்களா? டெல்லிக்குக் கடிதம் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தபாலில் போடும் முன் உங்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.