திரும்புதலும் துணிவே

பேராக் மாநிலத்தில், செண்டிரியாங் அருகேயுள்ள லாத்தா கிஞ்சாங் அருவி நெடுஞ்சாலையில் செல்வோர்க்கும் வெள்ளிக்கோடாய்த் தோன்றும். அதன் உச்சியை நாடிக் காட்டினூடே ஏறுவோரும் உளர்.

மலைமேல் மழை பொழிந்தால், கீழே வெயில் காயும்போதே பாறையிடுக்கில் பெருவெள்ளம் பாய்ந்துவரும். மலாய்க்காரர் அதனைக் 'கெப்பாலா ஆயிர்' என்பர். கருமேகங் கண்டதும் காடறிந்த செமாய் வழிகாட்டி, "திரும்புவோம்" என்பார். நெடுந்தொலைவு நடந்தவன் நெஞ்சமோ, "இன்னும் சிறிது தூரந்தானே!" என்னும். திரும்புதல் கோழைமையா?

அன்று தோட்டத் தொழிலாளர் விடியலில் வானம் பார்த்தனர். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அவர்கள் இழந்தது ஒருநாள் உணவு. மலையேறுபவன் இழப்பதோ ஒருநாள் பெருமை. உடன்வந்தோர் உயிரைப் பணயம் வைத்துப் பெறும் பெருமை துணிவாகாது. அருவி நாளையும் வீழும்.