தராசு அறியாத மணம்

ஒரு பண்டத்தின் சிறப்புக்கு யார் காரணமோ, அச்சிறப்பின் பயனுக்கும் அவரே உரியவர் என்பது எவரும் மறுக்காத நீதி. ஆயினும் நடைமுறையில் இதைப்போல் நாள்தோறும் மீறப்படும் நீதி வேறொன்றில்லை. இதனை அறிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில், நமுனுக்குலை மலையைப் பார்த்தவாறு, ஆடி ஆவணியில் ஒருநாள் நடந்தால் போதும்.

அம்மாதங்களில் இங்கு வீசுவது கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமற்ற வெறுங்காற்றாக ஊவாவின் பக்கம் இறங்குகிறது. மண் உலர்கிறது. தேயிலைச் செடியின் வளர்ச்சி தளர்கிறது. அந்த வாட்டத்தை எதிர்த்து நிற்கும் முயற்சியில் இலைக்குள்ளே சில வாசனைப் பொருள்கள் மிகுந்து சுரக்கின்றன. அவற்றுள் ஒன்று மெத்தில் சாலிசிலேட். தசைவலித் தைலங்களில் நாம் முகர்ந்து பழகிய பொருள்தான் அது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கு உருவாகும் தேயிலைக்குப் புதினாவை நினைவூட்டும் குளிர்ந்த மணம் வாய்ப்பது இதனாலேயே. இந்தியாவின் டார்ஜிலிங், சீனாவின் கீமுன் ஆகியவற்றோடு ஒருசேர வைத்து ஊவாவை எண்ணும் வழக்கம் தேயிலை வணிகரிடையே உண்டு.

கொழும்பிலே 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலையும் அதனதன் பெயரிலேயே வைக்கப்படுகிறது; தனித்தனியே சுவைக்கப்படுகிறது; தனித்தனியே விலை பெறுகிறது. பல தோட்டத்துத் தேயிலைகளைக் கலந்து ஒரே வணிகப் பெயரில் விற்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர்களுள் தலையாயவர் தாமஸ் லிப்டன். அவர் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். கலவையின் ஆட்சி ஓங்கிய பின்னரும் 'ஒரே தோட்டத்துத் தேயிலை' என்னும் சிறப்பு மறையவில்லை. இன்று அயல்நாட்டுச் செல்வர் வீட்டு மேசைகளில் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

இதை ஒத்த செய்தியொன்று இத்தாலியிலும் உண்டு. அந்நாட்டின் வடமேற்கே, பியேமோந்தே மாநிலத்து லாங்கே குன்றுகளில், நெபியோலோ என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து பாரோலோ, பார்பரெஸ்கோ என்னும் செம்மதுக்களை வடிக்கின்றனர். ஒரு சரிவின் பழத்தை அடுத்த சரிவின் பழத்தோடு கலவாமல் தனியே வடித்து, அச்சரிவின் பெயரையே புட்டியின்மேல் எழுதுவது அங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் பெருமை. பார்பரெஸ்கோவில் 2007ஆம் ஆண்டும் பாரோலோவில் 2010ஆம் ஆண்டும் அச்சரிவுகளின் எல்லைகள் சட்டப்படி வரையறுக்கப்பட்டன. 2014இல் யுனெஸ்கோ அக்குன்றுகளை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. பாட்டன் நட்ட கொடியைப் பேரன் கிளைவெட்டுகிறான். பழம் பறித்த கையே மிடாவையும் காக்கிறது. புட்டியின்மேல் சரிவின் பெயருக்கு அடியில் அக்குடும்பத்தின் பெயர் நிற்கிறது. எங்கே உழைத்த கையும் உடைமையாளன் கையும் ஒன்றாயிருக்கின்றனவோ, அங்கே அப்பெயர் நியாயமான பெயர் என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்த மண்ணின் கதையும் முழுமையாக இனிப்பானதன்று. பெப்பே ஃபெனோக்லியோ 1954ஆம் ஆண்டு எழுதிய 'லா மலோரா' என்னும் நாவல், அதே குன்றுகளில் வாரக்குடியானவன் ஒருவனிடம் கூலிக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுவனின் பசியைச் சொல்வது. விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்கு அளக்கும் வாரமுறையில் புதிய ஒப்பந்தங்கள் செய்வதை இத்தாலியச் சட்டம் 1964இலேதான் தடைசெய்தது. அந்நாவல் வெளியான 1954ஆம் ஆண்டிலேயே நம் சி. வி. வேலுப்பிள்ளையின் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் ஆங்கிலக் கவிதை நூலும் வெளிவந்தது. இரு மலைகள், இரு பானங்கள், பானத்தின் புகழுக்குள்ளே புதைந்து கிடந்தவர்களைப் பற்றி ஒரே ஆண்டில் இரு நூல்கள்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு 'எங்கள் தோட்டத்தின் சிறப்பு' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலோர் அருவியையும் கோயில் திருவிழாவையும் எழுதினர். ஒரு மாணவி மட்டும் தேயிலையின் மணத்தைப் பற்றி எழுதியிருந்தாள். கச்சான் காலத்தில் தொழிற்சாலைப் பக்கம் போனால் காற்றே மணக்கும் என்றும், வெளிநாட்டார் வந்து முகர்ந்து பார்த்துப் போவார்கள் என்றும் பெருமையோடு விவரித்திருந்தாள். கட்டுரையின் இறுதியில் மட்டும் தொடர்பில்லாததுபோல் ஒரு வாக்கியம்: 'அந்த மாதத்தில்தான் அம்மாவுக்கு அரைப்பேர் அதிகம் விழும்.'

அவ்வாக்கியத்தைப் பிழையென்று அடிக்கச் சென்ற என் சிவப்பு மை தயங்கி நின்றது. அது தொடர்பில்லாத வாக்கியம் அன்று. அந்தக் கட்டுரையின் சாரமே அதுதான்.

மலையகம் அறியாத வாசகருக்கு இச்சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒருநாள் உழைப்புக்குப் 'பேர்' என்பது பெயர். செக்ரோலில் பெயருக்கு எதிரே ஒருநாள் வேலை பதியப்பட்டால் அது முழுப்பேர். நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதாவது பாதிநாட் சம்பளம். அந்த எடை தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறும். பதினாறு கிலோ, பதினெட்டு, இருபது என்று அது நிற்கும். கச்சான் வீசும்போது செடி தளிர்ப்பது குறைகிறது என்று மேலே சொன்னேன். செடி தளிர்ப்பது குறைந்தால் கூடையும் நிறையாது. மணம் மிகுந்து ஏலத்தில் விலை உயரக்கூடிய காலமும், கூடை நிறையாமல் கொழுந்து பறிப்பவளின் பேர் பாதியாகக்கூடிய காலமும் ஒன்றே! ஒரே காற்றுத்தான் ஒருத்தியின் கையிலிருந்து எடுத்து இன்னொருவன் கணக்கிலே வரவு வைக்கிறது.

காற்றின்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொழுந்தை ஒரே நாளில் இரண்டு அளவைகள் அளக்கின்றன. மலையிலே அதை அளப்பது தராசு. தராசுக்கு மணம் தெரியாது. ஏலத்திலே அதை அளப்பது சுவைஞனின் நாக்கு. அந்த நாக்குக்குக் கொழுந்து பறித்தவளின் பேர் தெரியாது. உழைத்தவளை எடையாலும், உழைப்பின் பயனை மணத்தாலும் மதிப்பிடும் இந்த ஏற்பாட்டை இயற்கை செய்யவில்லை, மனிதர் செய்தனர். மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். அவர்தம் வாதங்களையும் நேர்மையோடு எடுத்துப் பார்ப்போம். மணம் காற்றின் கொடை, அது எவர் உழைப்புமன்று என்பது முதல் வாதம். மெய்தான், ஆனால் காற்று உடைமையாளருடைய உழைப்பும் அன்றே! இயற்கையின் கொடையை ஒருவர் மட்டும் வரவு வைத்துக்கொள்ள அவ்வாதம் எவ்வாறு துணைநிற்கும்? அன்றியும், காற்று வீசினால் மட்டும் தேயிலை ஆகிவிடாது. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து கிள்ளாமல் முற்றிய இலையைக் கலந்தால் அந்த மணம் கெட்டுப்போகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. அத்தனை தளிரையும் சரிவிலே நின்று ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்கும் விரலின் அறிவு, கூலி கொடுத்த கணத்திலே முளைத்ததன்று. தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. லாங்கேயின் குடும்பத்திலே அதற்கு 'மரபு' என்று பெயர். ஊவாவின் லயத்திலே அதற்குத் 'திறனில்லாத் தொழில்' என்று பெயர்!

கூலி கொடுத்தாயிற்று, அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்பது இரண்டாம் வாதம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. அந்த ஆயிரத்துக்காக எத்தனை ஆண்டுகள் வீதியில் நிற்க நேர்ந்தது என்பதை நாடறியும். பேரம் பேசும் இருவருள் ஒருவர் காத்திருக்க இயலும், மற்றவர் இரவு அடுப்பை நினைத்தாக வேண்டும் என்னும் நிலையில் முடிந்த பேரத்தைத் தீர்ந்த கணக்கு என்பது அறமாகாது.

வேறு சிலர், வாதமாக அன்றிக் கவிதையாகவே, இன்னொன்று சொல்வர். வாட்டத்திலே செடி மணக்கிறதே, அதுபோல் துன்பத்திலேதான் மனிதனும் மேன்மை பெறுகிறான் என்பர். அழகாகத் தோன்றும் இவ்வுவமையைப்போல் கொடியது வேறில்லை. செடியின் வாட்டத்தில் சுரப்பது வாசனை. பசித்த பிள்ளையின் வாட்டத்தில் சுரப்பது பள்ளிக்கு வராத நாட்கள். என் வருகைப் பதிவேடு இதற்குச் சான்று.

தமிழ் கற்பிப்பவன் ஆதலால் தொல்காப்பியரை நினைவுகூர்வதைப் பொறுத்தருள வேண்டும். நிலத்தையும் வாழ்வையும் சேர்த்து நோக்கிய அவர், முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். உணவும் மரமும் தொழிலும் பிறவும் கரு. மனிதர்தம் அகவொழுக்கம் உரி. இம்மூன்றும் முறையே ஒன்றைவிட ஒன்று சிறந்தன என்பது அவர் கொள்கை. ஒரே தோட்டத்துச் சுவையைப் புகழும் வணிகர் பேசுவதென்ன? மண்ணைப் பேசுகின்றனர், பருவத்தைப் பேசுகின்றனர், அது முதல். இலையையும் பக்குவத்தையும் பேசுகின்றனர், அது கரு. அங்கே அவர் பேச்சு நின்றுவிடுகிறது. அம்மண்ணிலே கூடியும் பிரிந்தும் காத்திருந்தும் இரங்கியும் வாழ்ந்த மக்கள் அவர் கணக்கில் இல்லை. உரிப்பொருளை நீக்கிய திணை, திணையன்று, வெறும் நிலப்படம். உரிப்பொருளை விட்டவர்கள் உரிமையையும் விட்டுவிட்டதில் வியப்பென்ன?

அம்மக்களின் வரலாறு இச்சுவையோடு பிரிக்கவியலாதது. காப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் தோன்றியது ஊவாவின் மடுல்சீமைப் பக்கத்திலேதான். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்ததும் அதே 1867இல். உண்ணும் பொருளின் சுவையை வைத்து, அதை விளைத்தவர் எந்நிலையில் விளைத்தார் என்று அறிய இயலாது என அதிலே அவர் சுட்டியது தேயிலைக்கு எவ்வளவு பொருந்துகிறது! நாட்டின் பெயரைத் தேயிலையின்மேல் எழுதி உலகுக்கு அனுப்பியவர்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாக எண்ணிப் பிரித்தது. 1972இல் நாட்டின் பெயரே மாறியது. தேயிலை மட்டும் 'சிலோன்' என்ற பெயரை இழக்கவில்லை. பானத்துக்கு இருந்த குடியுரிமை பறித்தவர் அனைவருக்கும் கிட்ட 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

உடைமை கைமாறினால் நீதி தானே வந்துவிடும் என்று நம்முள் சிலர் நம்பியதுண்டு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர். லயம் லயமாகவே நின்றது, தராசும் நின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோதும், அந்த மண்ணின் புகழில் பங்கில்லாதவர்க்கு அதன் சரிவில் மட்டும் பங்கிருந்தது. ஆகவே உடைமை யாருடையது என்று கேட்பதோடு நில்லாமல், மதிப்பை அளப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர்கள் இந்த ஊவாவிலேயே இருந்திருக்கின்றனர். 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்த அலையின்போது வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதனைக் கலந்தே நிர்வாகம் நடக்கும் என்று துரையை ஒப்பவைத்தனர். அது நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், அளவுகோலைத் தம் கையில் எடுக்க வேண்டும் என்று அன்றே கண்டுகொண்டனர். பருவகாலத்து விலையுயர்வில் பறிப்பவருக்கும் பங்கு, எடைக்கு மட்டுமன்றித் தெரிந்து கிள்ளும் திறத்துக்கும் ஊதியம், குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி — இவை கருணையின் கோரிக்கைகள் அல்ல. சுவைக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு நேரான விடைகள்.

'ஸ்பிரிங் வேலி' என்று ஆங்கிலேயன் வைத்த பெயரை நம் முன்னோர் 'ஸ்பிரிங்வெளி' ஆக்கினர். பள்ளத்தாக்கு, நம் நாவிலே வெளி ஆயிற்று. பெயரை மாற்றும் வல்லமை அவர்களிடம் இருந்தது. பேரை மாற்றும் வல்லமையே இன்னும் கைகூடவில்லை.

அம்மாணவியின் கட்டுரைக்கு அன்று முழு மதிப்பெண் இட்டேன். அவளுடைய பெருமையும் மெய்; அரைப்பேரும் மெய். பெருமை பொய்யென்று அவளுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த மணம் அவள் தாயின் விரலிலிருந்து வந்தது. அவள்தான் அதன் முதல் வாரிசு. அந்த இறுதி வாக்கியத்தை அவள் எந்நாளும் தொடர்பில்லாததென்று எண்ணிவிடாதபடி கற்பிப்பதே ஆசிரியராகிய நமது கடன்.