மறைத்தது போதும், கேளுங்கள்!

சகோதரி, மார்பில் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது. போன மாதம் சரியாக இருந்த ரவிக்கை இந்த மாதம் அந்தப் பக்கம் மட்டும் பிடிக்கிறது. குளிக்கும்போது பார்க்கிறீர்கள், உடுத்தும்போது மறைக்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால், "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவச்சுக் குடி" என்பார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கித் தடவிவிட்டுக் காத்திருக்கிறீர்கள்.

காத்திருந்தது போதும்!

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்துகளில் வாழும் தமிழ்ப் பெண்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் வால்வ் திறக்கும் ஆளை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பவர்கள் நீங்கள். ரேஷன் அரிசி குறைந்தால் மறுபடி எடை போடச் சொல்வீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு சொல் சொன்னால் ஹெட்மாஸ்டர் அறை வரை போவீர்கள். தமிழில் கேட்டு, கன்னடத்தில் கேட்டு, தேவைப்பட்டால் இந்தியிலும் கேட்டு நியாயம் வாங்கத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் உடம்புக்காகக் கேட்க மட்டும் ஏன் நா எழவில்லை? தைரியம் இல்லாமல் இல்லை. அந்த இடத்தைப் பற்றிப் பேசினாலே மானக்கேடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

அரண்மனையில் இருந்தவளுக்கும் இதே கதிதான். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசன் டேரியஸின் மனைவி அடோசாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. சிறியதாக இருந்தவரை வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. உடைந்து பரவிய பிறகே டெமோசெடிஸ் என்ற கிரேக்க வைத்தியரை அழைத்தாள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மகாராணிக்கே அந்த வெட்கம் உதவவில்லை. உங்களுக்கு மட்டும் உதவுமா?

பயத்தில் உறைந்து போகாதீர்கள். மார்புத் தோலில் வரும் மாற்றமெல்லாம் புற்றுநோய் அல்ல. மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கிப் படை வரும். பூஞ்சை மருந்தில் போய்விடும். புது உள்ளாடையோ சோப்போ ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிச் சிவந்து காய்ச்சல் வரும். இவை நடக்கிற விஷயங்கள், சரியாகிற விஷயங்கள். ஆனால் எது எது என்று முடிவு செய்வது நீங்களும் அல்ல, பக்கத்து வீட்டு அக்காவும் அல்ல, மெடிக்கல் ஷாப் தம்பியும் அல்ல!

ஏனென்றால், கட்டியே இல்லாமல் வரும் மார்புப் புற்றுநோயும் உண்டு. "கட்டி இல்லையே, அப்போ பயமில்லை" என்ற நினைப்புதான் பலரைக் கவிழ்க்கிறது. அழற்சி மார்புப் புற்றுநோய் என்ற வகை அரிதானது, ஆனால் வேகமானது. சில வாரங்களிலேயே மார்பு வீங்கிச் சிவந்து கனத்துவிடும். தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய நிணநீர்க் குழாய்களைப் புற்றணுக்கள் அடைத்துவிடுவதால் நீர் வடிய வழியில்லாமல் தோல் உப்புகிறது. மயிர்க்கால்கள் மட்டும் உள்ளே இழுபட்டு நிற்கின்றன. அதனால்தான் தோல் கமலாப்பழத் தோல் போலக் குழிகுழியாகத் தெரிகிறது. பார்வைக்குச் சீழ்க்கட்டு போலவே இருப்பதால் முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், தவறில்லை. ஒரு வாரம், பத்து நாளில் குறையவில்லை என்றால், இன்னொரு அட்டை மாத்திரையோடு வீடு திரும்பாதீர்கள். ஸ்கேன் கேளுங்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று காம்பில் வருவது. அரிக்கும், செதில் உதிரும், பொருக்குத் தட்டும், சில நேரம் ரத்தம் கசியும். அசல் கரப்பான் மாதிரியே இருக்கும். 1874-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், இப்படி ஆறாத காம்புப் புண் இருந்த சுமார் 15 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்கள் எல்லோருக்கும் பின்னால் அதே மார்பில் புற்று வந்திருந்தது. அதனால் இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதன் சூழ்ச்சி என்னவென்றால், ஸ்டீராய்டு கிரீம் தடவினால் சில நாள் மட்டுப்பட்டது போலத் தெரியும். நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்து, மருந்துக்கு ஆறாமல், போய்ப் போய்த் திரும்புகிற புண்ணுக்குக் கிரீம் பதில் அல்ல, பயாப்ஸிதான் பதில்.

"ஊசி குத்தினா பரவிடுமாமே!" இந்தப் பேச்சைக் கேட்காத தெரு கிடையாது. பயாப்ஸி எடுப்பதால் புற்றுநோய் உடம்பெங்கும் பரவாது. பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப்போடும் நாட்களில்தான் நோய் பரவுகிறது.

இப்போது டாக்டர் அறைக்கு வாருங்கள். தன்னம்பிக்கை தேவைப்படுவது அங்கேதான். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், டாக்டர் தலை நிமிராமல் எழுதுகிறார், நீங்கள் "கொஞ்சம் அரிப்பு" என்று முனகுகிறீர்கள், சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. வாங்காதீர்கள்! "டாக்டர், நீங்க பார்க்கணும்" என்று சொல்லுங்கள். தோல் மாற்றத்தைக் கண்ணால் பார்க்காமல் யாராலும் கணிக்க முடியாது. ஆண் மருத்துவர் என்றால் நர்ஸம்மா கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மொழிபெயர்க்க மகனைக் கூட்டிப் போய் அவன் முன்னால் சொல்ல முடியாமல் திரும்பி வராதீர்கள். மகளையோ தோழியையோ கூட்டிப் போங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, எப்படிப் பரவியது, என்ன தடவினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: "இது என்னன்னு நினைக்கிறீங்க? எத்தனை நாள்ல குறையணும்? குறையலைன்னா அடுத்து என்ன டெஸ்ட்?" கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். கோபித்தால், வேறு மருத்துவரிடம் போங்கள். அது துரோகம் அல்ல.

பெரிய மிஷின் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்றும் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதில் இருந்தார்கள். 2021-ல் வந்த முடிவு: 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் மார்புப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. பழகிய கண்ணும் கையுமே இவ்வளவு செய்தன. அந்தக் கண்ணுக்கு முன்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்!

போக இடமும் இருக்கிறது. இந்திராநகரில் சர் சி.வி. ராமன் பொது மருத்துவமனை, சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை. இரண்டுமே அரசு மருத்துவமனைகள், இரண்டுமே ஜோகுபாளையத்துக்குப் பக்கம். புற்றுநோய் என்றே சந்தேகப்பட்டால் ஓசூர் ரோட்டில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1973-லிருந்து ஏழைகளைப் பார்த்துவரும் இடம். ரேஷன் கார்டு, ஆதார், ரெஃபரல் கடிதம் மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். செலவு நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முற்றிய நோய்க்குத்தான் செலவு அதிகம்.

முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டையில் பிறந்து, பெண் படித்தாலே ஊர் பேசிய காலத்தில் மருத்துவரானவர். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அழுது ஓயவில்லை அவர். புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று விடாமல் கேட்டார். முப்பது ஆண்டு கடந்து, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. ஊருக்காக அந்தப் பெண் முப்பது ஆண்டு கேட்டார். உங்களுக்காக நீங்கள் ஒரு காலைப்பொழுது கேட்க மாட்டீர்களா?

வீட்டில் இருக்கும் ஆண்களே, உங்களுக்கும் சொல்கிறேன். மனைவி சொல்லத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும், கூடப் போங்கள். உங்கள் மார்பிலும் அந்தத் திசு உண்டு. ஆணுக்கும் இந்த நோய் வரும், காம்பு உள்ளிழுத்தாலோ தோல் சுருங்கினாலோ நீங்களும் காட்டியாக வேண்டும்.

சகோதரி, இன்று விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு, குழி, தடிப்பு, ஆறாத புண், உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக் காலை ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் நில்லுங்கள். பதில் கிடைக்காமல் வீடு திரும்பாதீர்கள்!