நமக்கெதுக்கு வம்பு?

2015 ஜனவரியில் பெங்களூரில் வேலையில் இருந்தேன். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு ஆதரவாக ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினேன். அரை மணி நேரத்தில் சத்தியமங்கலத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நமக்கெதுக்கு அந்த வம்பு? எடுத்துப்போடு. நாளைக்குச் சொந்தபந்தத்துக்கு முன்னாடி நிக்கோணுமல்ல."

எடுத்துவிட்டேன். யாரும் மிரட்டவில்லை, எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

பெருமாள்முருகன் பட்டதோடு இதை ஒப்பிடவே முடியாது. 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் புத்தக எரிப்பும் கடையடைப்பும் நடந்தன. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானப் பேச்சு. மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார்.

இதில் சட்டம் எங்கே இருந்தது?

அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கு எல்லை போடுகிறது: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று ஒரு பட்டியல். அந்த எல்லையையும் ஒரு சட்டத்தின் வழியாகத்தான், அதுவும் நியாயமான அளவில்தான் போட முடியும். 'மனம் புண்பட்டது' என்பது மட்டும் பட்டியலில் இல்லை. அன்றிருந்த 295ஏ பிரிவுகூட, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு மத உணர்வைச் சீண்டுவதைத்தான் குற்றம் என்றது.

அப்போ கலவரம் வந்தால்? 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: போராட்ட மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கக் கூடாது, பேசுகிறவரைக் காப்பது அரசின் கடமை. நாமக்கல்லில் பேசியவரையே அடங்கச் சொன்னார்கள்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்றது.

திருச்செங்கோட்டு மலையேறிக் கும்பிடுகிற என் பெரியம்மாவுக்கு அந்த நாவல் வலித்தது. அது பொய்யில்லை. அவர் அதைத் திட்டலாம், எதிர்த்து எழுதலாம். அதற்கும் அதே 19(1)(அ)தான் துணை. இன்னொருவர் வாயை மூடும் உரிமையை மட்டும் வலி தந்துவிடாது.

அப்பாவின் குரலில் இருந்தது பயம்கூட இல்லை, அக்கறை. அதனால்தான் அதை மறுப்பது கஷ்டம். நாமக்கல் காகிதத்தை ஒரு நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. நான் அழித்த நாலு வரிக்காக எந்த நீதிமன்றமும் வராது. அதை நானேதான் திரும்ப எழுதணும்.