ஓட்டமும் இல்லறமும்

மனிதன் தனது ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கிறான் என்பது அவனுடைய சொந்த விஷயம் என்று பலர் கருதுகின்றனர். கூலிக்கு விற்ற நேரத்திற்கே கணக்குண்டு, விற்காத நேரத்திற்குக் கணக்குக் கேட்பாரில்லை என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை சரிதானா என்று ஆராய்வதற்கு, நம்மிடையே பெருகிவரும் நெடுந்தூர ஓட்டக்காரரைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. அவர் குடிகாரரல்லர், சூதாடியுமல்லர். தமது தேகத்தைப் பேணுகிறவர். ஆதலின் அவரைக் குறைகூற ஒருவர்க்கும் எளிதில் நா எழாது. தீய செயலில் தீமையைக் காண்பது யார்க்கும் எளிது. நல்ல செயலினுள்ளும் அநீதி புகுந்திருக்குமோ என்று வினவுவதே அற ஆராய்ச்சிக்கு உரிய வேலை.

வாரமெல்லாம் அலுவலகத்திலோ ஆலையிலோ உழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பரிசுப் பணத்தை நாடி ஓடுபவரல்லர், விருப்பத்தால் ஓடுபவர். சனிக்கிழமை விடியுமுன் எழுந்து சைக்கிளில் 90 கிலோமீட்டர் சென்று வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் இருளில் எழுந்து 25 கிலோமீட்டர் ஓடுகிறார். நம் நாட்டுப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுமில்லை. ஆகவே வெயில் ஏறுமுன் ஓடி முடித்தாக வேண்டும். வீடு திரும்பியதும் குளியல், வயிறு நிறைய உணவு, பின்னர் நெடிய உறக்கம். மாலையில் விழிக்கும்போது வார இறுதி முடிந்திருக்கிறது.

இத்துணை நேரம் எதற்கு என்று கேட்கலாம். மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதனை ஓடி முடிக்க ஏறக்குறைய 2,500 கலோரி சக்தி செலவாகும். உடம்பு மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பதோ பெரும்பாலும் 2,000 கலோரிக்கு மேற்படாது. அதனாலேயே 30 கிலோமீட்டரைக் கடந்ததும் பலர்க்குக் கால்கள் கல்லாய்க் கனக்கின்றன. கொழுப்பிலிருந்து கூடுதலான சக்தியைப் பெற உடம்பைப் பழக்கவேண்டும். அப்பழக்கம் பல மாதங்கள் நெடுந்தூரம் ஓடியன்றி வாராது. லங்காவித் தீவில் நடந்துவரும் அயர்ன்மேன் போட்டிக்கோ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் ஒரு மாரத்தானும் ஓடவேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. கொடுக்கவேண்டிய விலை நேரமே.

இவரைப் பற்றி நம் பெரியோர் கூறும் முதற்குறை, இது வேலையற்ற வேலை என்பதாகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாளொன்றுக்கு ஐந்நூறு மரங்களுக்குக் குறையாமல் பால் வெட்டி, வாளி சுமந்து நடந்த தலைமுறையினர் அவர்கள். கால் நோக நடப்பதை விளையாட்டென்று எண்ண அவர்களால் இயலாது. அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. எனினும் நாம் கவனிக்கவேண்டிய சரித்திரம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஹென்லி படகுப் பந்தயத்தார் 1879இல் வகுத்த விதிப்படி, கூலிக்குக் கைத்தொழில் செய்பவனும் உடலுழைப்பாளியும் அமெச்சூர் ஆட்டக்காரராகக் கருதப்படவில்லை. விருப்பத்திற்காக விளையாடும் பெருமை, உழையாதவர்க்கே உரியது என்பது அதன் பொருள். ஓட்டப் பந்தயங்களை ஆளவந்த அமெச்சூர் தடகளச் சங்கம் 1880இல் அத்தடையை நீக்கியது. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து பிழைத்தவர். ஆகவே பால் வெட்டியவரின் பேரன் இன்று தன் மகிழ்ச்சிக்காக ஓடுகிறான் என்றால், அது வெட்டி வேலையன்று. பாட்டனுக்கு மறுக்கப்பட்ட ஓர் உரிமையைப் பேரன் அனுபவிக்கிறான். அதனை நாம் வாழ்த்தவே வேண்டும்.

இரண்டாவது குறை பகுத்தறிவாளர் எழுப்புவது. தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்வதை வீண் வருத்தம் என்று கண்டிக்கும் நாம், ஓட்டக்காரன் தன் உடலை வருத்துவதை மட்டும் புகழலாமோ என்பர். வேற்றுமை உண்டு. ஓட்டக்காரன் எந்தத் தெய்வத்தின் கோபத்தையும் தணிக்க முயலவில்லை. தன் நாடித்துடிப்பை எண்ணுகிறான், தூரத்தை அளக்கிறான், நோவுக்குக் காரணம் தேடுகிறான், தேவையானபோது நிற்கிறான். அறிவு வழிகாட்டும்வரை இது பயிற்சி. காய்ச்சலோடும் ஓடியே தீர்வேன் என்றும், பதக்கம் பெறாத நாள் பாழ் என்றும் அவன் எண்ணத் தொடங்கும் நாளில், வேல் இருந்த இடத்தில் பதக்கம் வந்து அமர்ந்துவிடுகிறது. வணங்கும் பொருள் மாறியதேயன்றி மூடத்தனம் மாறவில்லை.

நிற்க. இவ்விரண்டு குறைகளுக்கும் விடையுண்டு. மூன்றாவது வினாவே கடினமானது. வள்ளுவர் தவத்தின் இயல்பை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குதல் ஒன்று. பிறிதோர் உயிருக்குத் துன்பம் இழைக்காதிருத்தல் மற்றொன்று. அவர் இதனைத் துறவறத்தில் வைத்தார். நம் ஓட்டக்காரரோ இல்லறத்தார். முதற்கூற்றை அவர் நிறைவேற்றுகிறார் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது கூற்றின் நிலை என்ன? அவர் இருளில் ஓடும்போது, விழித்தெழுந்த குழந்தைக்குப் பால் கலக்குபவர் யார்? வியர்வையில் ஊறிய உடைகளைத் துவைப்பவர் யார்? வழக்கத்தினும் இருமடங்கு உண்ணும் அவருக்குச் சமைப்பவர் யார்? அவர் பகலில் உறங்கும்போது, பிள்ளைகளைச் சத்தமிடாமல் அடக்கி வைப்பவர் யார்? முதிய தாயை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்பவர் யார்?

தோட்டத்துக் கணக்கு எழுதும் எமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். செக்ரோலில் பெயர் பதியாதவர்க்குக் கூலி இல்லை. அவர் எவ்வளவு உழைத்திருந்தாலும், ஏட்டில் இல்லாத உழைப்பு உலகத்தில் இல்லாத உழைப்பாகிவிடும். ஓட்டக்காரரின் கைக்கடியாரம் அவருடைய ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கிறது. ஓடிய கிலோமீட்டர், ஏறிய மேடு, இதயத்துடிப்பு, உறங்கிய நேரம் யாவும் பதிவாகின்றன. அவ்வோட்டத்திற்கு இடம் கொடுத்த மனைவியின் ஐந்து மணி நேரம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இது கொடுமையால் நேர்ந்ததன்று. காணாமையால் நேர்ந்தது. ஆயினும் காணாமையால் விளையும் அநீதியும் அநீதியே.

அவளுக்கு ஓட்டத்தில் விருப்பமில்லையே என்று சிலர் விடையிறுப்பர். இவ்விடை பழையது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மாதர் 800 மீட்டர் ஓடினர். ஓட்டத்தின் முடிவில் அவர்கள் களைத்திருந்ததைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. பெண்ணின் தேகம் இதனைத் தாங்காது என்று கூறி, 1960 வரை அவ்வோட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கி வைத்தனர். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் எண் அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, அதிகாரி ஒருவர் பாதையிலேயே பிடித்திழுக்க முயன்றார். அங்கே பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்கப்பட்டது 1984இல். அதில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி வென்றார். விருப்பமும் வலிமையும் இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில், உண்மையில் இல்லாதிருந்தது வாய்ப்பே. கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, வெளியே வர ஆசையில்லை போலும் என்பது நியாயமன்று.

மேலும், மனைவியும் ஓடவேண்டும் என்பது எம் வாதமன்று. அவள் படிக்கலாம், பாடலாம், தோழியரைக் காணச் செல்லலாம், ஒன்றுமே செய்யாது படுத்தும் கிடக்கலாம். அந்நேரம் அவளுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதே எம் வாதம். வேலையாள் வைத்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். அது வினாவை வேறொரு பெண்ணிடம் தள்ளிவிடுவதேயாகும். சிங்கப்பூரில் வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாராந்திர ஓய்வுநாள் விதி 2013இல்தான் வந்தது. ஓய்வுக்கு ஈடாகப் பணம் கொடுத்துவிடும் வழியும் அதில் இருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்யலாகாது என்ற விதி 2023இல் தொடங்கியது. ஒருவருடைய ஓய்வுநாள் மற்றொருவருடைய ஓய்வின்மையின்மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அப்படியாயின் ஓட்டக்காரர் ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமோ? வேண்டா. தேகப்பயிற்சியை வெறுப்பது சீர்திருத்தமாகாது. சனிக்கிழமை அவருடையதாயின் ஞாயிற்றுக்கிழமை அவளுடையதாகட்டும். தம் வியர்வையுடைகளைத் தாமே துவைக்கட்டும். எட்டு மணிக்கு வீடு சேர்ந்தால் ஒன்பது மணிக்கு அடுப்படியில் நிற்கட்டும். 30 கிலோமீட்டருக்குப் பின் கல்லாய்க் கனத்த காலைத் தூக்கி வைக்கத் தெரிந்தவர்க்கு, ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கி வைப்பது பெரிதாகாது. களைப்பு என்று கூறி அதிலிருந்து விலகுவாராயின், அவர் பழகிய மனோதிடம் பாதையில் மட்டும் செல்லும் நாணயம், வீட்டில் செல்லாதது என்றாகும்.

சகிப்புத்தன்மை உயர்ந்த குணமே. ஆனால் ஒருவருடைய சகிப்புக்கு நாலுபேர் கைதட்டுவதும், மற்றொருவருடைய சகிப்பு வழக்கம் என்று பெயர் பெற்று மறைவதும் சமத்துவமாகாது. ஓய்வு என்பது உழைப்பாளி போராடிப் பெற்ற செல்வம். அதனை வீட்டிற்குள் கொண்டுவந்து பங்கிடுபவனே அதற்கு முழு உரிமை உடையவன் என்பது எமது துணிபு.